லைட் போர்டுக்குத் தமிழ் தெரிய வேண்டாம்

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, பாரதி விழா, நவராத்திரி, ஆண்டு விழா என்று வெளிமாநிலத் தமிழர்கள் மேடை ஏறுவதற்குக் காரணங்கள் ஏராளம். மூன்று மாதம் ஞாயிறுதோறும் யார் வீட்டு ஹாலிலாவது கூடி, சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒத்திகை பார்க்கிறோம். உடை, ஒப்பனை, பின்னணி இசை, சிற்றுண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பு. வெளிச்சம் மட்டும் வாடகைக்கு வருகிறவர் பொறுப்பு. விழா நாளன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் டெம்போவில் வந்து இறங்குவார். நல்லவர், தொழில் தெரிந்தவர். ஆனால் தமிழ் தெரியாதவர்.

விளைவை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். கதாநாயகி கடிதத்தைப் படித்து முடிக்குமுன் மேடை இருண்டுவிடும். தாத்தா உயிர் விடும் கட்டத்தில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேடையில் யார் என்ன சொல்கிறார்கள் என்பது புரியாமல் அவர் எதைக் கொண்டு தீர்மானிப்பார்?

இதற்கு வழி அவர் கொண்டு வரும் லைட் போர்டிலேயே இருக்கிறது. வேண்டிய வெளிச்சங்களை முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொண்டு, தேவையான நொடியில் ஒரே பொத்தானால் திரும்ப வரவழைக்கும் வசதி இன்று சின்ன போர்டுகளிலும் உண்டு. அதை நாம் கேட்பதுமில்லை, அதற்கு நேரம் ஒதுக்குவதுமில்லை.

கைவேலைக் காலம்

பதிவு வசதி வருவதற்கு முன் எல்லாம் கைவேலைதான். கல்கத்தா மினர்வா தியேட்டரில் 1959-இல் உத்பல் தத் மேடையேற்றிய 'அங்கார்' நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகும் காட்சியை ஒளியாலேயே காட்டியவர் தாபஸ் சென். நம் பக்கத்தில் ஆர்.எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் நாடகங்களின் தந்திரக் காட்சிகளைப் பெரியவர்கள் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். அந்த அற்புதங்களுக்குப் பின்னால் இருந்தவை பழகிய கைகளும் ஓயாத ஒத்திகையும்.

பிறகு பரவலாக வந்தது இரண்டு வரிசை போர்டு. மேல் வரிசை ஃபேடர்கள் இப்போது எரியும் வெளிச்சத்தைத் தாங்கும். அதற்குள் கீழ் வரிசையில் அடுத்த காட்சிக்கான அளவுகளை நகர்த்தி வைக்க வேண்டும். நேரம் வந்ததும் ஒரு மாஸ்டரை இறக்கி மற்றதை ஏற்றினால் காட்சி மாறும். உடனே அதற்கடுத்த காட்சிக்காக மேல் வரிசையை மாற்றத் தொடங்க வேண்டும். வசனம் வேகமாக ஓடினால் கை பின்தங்கிவிடும்.

1975-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் 'எ கோரஸ் லைன்' என்ற இசை நாடகம் அரங்கேறியது. அதன் ஒளியமைப்பாளர் தாரன் மஸ்ஸர் என்ற பெண்மணி. நினைவகம் கொண்ட கணினி போர்டு பிராட்வேயில் பயன்பட்ட முதல் நிகழ்ச்சி அதுவே. 1986-இல் டிஎம்எக்ஸ் 512 என்ற பொது முறை அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. எந்தக் கம்பெனி போர்டும் எந்தக் கம்பெனி விளக்கோடும் பேசலாம் என்ற நிலை அதனால் வந்தது.

போர்டு எதை நினைவில் வைக்கிறது?

டிஎம்எக்ஸ் முறையில் ஒரே கேபிள் வழியாக 512 சானல்களுக்கு ஆணை போகும். ஒவ்வொரு சானலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் அணைவு, 255 என்றால் முழு வெளிச்சம். பாதி வெளிச்சத்துக்குச் சுமார் 127. பழைய ஹாலோஜன் விளக்குக்கு டிம்மரில் ஒரு சானல் போதும். இன்றைய எல்இடி விளக்குக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனிச் சானல்கள்.

ஆகவே போர்டில் 'சீன்' என்று பதிவது ஓர் எண் பட்டியல்தான். நாடகத்தின் காட்சி வேறு, போர்டின் சீன் வேறு. ஒரே காட்சிக்குள் ஐந்து சீன் வரலாம். அந்த விளக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அதன் கீழே மாமியார் நிற்கிறாரா மருமகள் நிற்கிறாரா என்பதெல்லாம் போர்டுக்குத் தெரியாது. பதிந்த பிறகு யாராவது ஏணியை நகர்த்தும்போது விளக்கை இடித்துவிட்டால், போர்டு அதே எண்ணைத்தான் அனுப்பும். வெளிச்சம் மட்டும் சுவரில் விழும். முதலில் விளக்குகளைக் கட்டித் திசை திருத்த வேண்டும், பிறகே பதிவு என்பது இதனால்தான்.

பதியும் முறை

வாடகைக்கு அதிகம் வருவது 192 சானல் கொண்ட சிறிய போர்டு. இடப் பக்கம் 12 விளக்குப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் 16 சானல். நடுவே எட்டு ஃபேடர்கள். பக்கம் மாற்றும் பொத்தானை அழுத்தினால் அவையே 9 முதல் 16 வரையுள்ள சானல்களாகும். எட்டு சீன் கொண்டது ஒரு பேங்க். மொத்தம் 30 பேங்க், ஆக 240 சீன்கள். நம் ஆண்டு விழா நாடகத்துக்கு இருபது சீனே தாராளம்.

புரோகிராம் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் பதிவு நிலைக்கு வரும். வேண்டிய விளக்குகளைத் தேர்ந்து, மேடையைப் பார்த்தபடி ஃபேடர்களை நகர்த்திச் சரியான வெளிச்சத்தைக் கொண்டுவர வேண்டும். பிறகு ரெக்கார்டு பொத்தான், அடுத்து எந்த எண்ணில் பதிய வேண்டுமோ அந்த சீன் பொத்தான். சின்ன விளக்குகள் மின்னி, பதிவானதைச் சொல்லும். எல்லாம் முடிந்ததும் மறுபடி புரோகிராம் பொத்தானை அழுத்திப் பிடித்து வெளியே வரலாம். அப்போது பல போர்டுகளில் பிளாக்அவுட் விழுந்திருக்கும். பதற வேண்டாம், அந்தப் பொத்தானை ஒருமுறை தட்டினால் விலகும்.

பெரிய அரங்குகளின் போர்டுகளில் க்யூ பட்டியல் உண்டு. ஒவ்வொரு க்யூவுக்கும் ஏறும் நேரம், இறங்கும் நேரம் தனித்தனியே குறிக்கலாம். 'கோ' பொத்தானை அழுத்த அழுத்த வரிசையாக வரும். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே புதிதாக ஒன்று தேவைப்பட்டால் ஏழரை என்று செருகிக்கொள்ளலாம். சின்ன போர்டில் இந்த வசதிகள் இல்லை. மெதுவாக விடிய வேண்டுமானால் இடைநிலையில் இரண்டு மூன்று சீன் பதிந்து ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. சின்ன போர்டில் புதிய சீன் வந்ததும் பழையது போய்விடும். ஆகவே ஒவ்வொரு சீனிலும் அப்போது எரிய வேண்டிய விளக்குகள் அனைத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும். முன்விளக்கை விட்டுவிட்டால் பின்திரை ஜொலிக்கும், முகம் இருட்டாகும்.

2. சீன் ஓடும்போது ஃபேடர் இருக்கும் இடமும் விளக்கின் அளவும் பொருந்தியிருக்காது. தெரியாமல் ஃபேடரைத் தொட்டால் வெளிச்சம் சட்டென்று தாவும். நிகழ்ச்சியின்போது பொத்தான் மட்டும் போதும்.

3. பதிந்த பின் எல்இடி விளக்கை மாற்றினால், புதியதன் முகவரியும் சானல் எண்ணிக்கையும் பழையதைப் போலவே அமைய வேண்டும். இல்லாவிட்டால் சிவப்புக்கு எழுதிய எண் நீலத்துக்குப் போய்ச் சேரும்.

4. போர்டில் மியூசிக் என்று ஒரு பொத்தான் உண்டு. உள்ளே இருக்கும் மைக்கில் ஒலி விழ விழ சீன் மாறும். கல்யாண வரவேற்பு ஆட்டத்துக்கு அது சரி. பரதநாட்டியத்தில் மிருதங்கத்தின் ஒவ்வொரு அடிக்கும் வெளிச்சம் குதித்தால் அபிநயம் யார் கண்ணிலும் படாது. அந்தப் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

5. உடையோடு பார்த்துப் பதியுங்கள். அரக்குப் பட்டு பச்சை ஒளியில் கறுத்துவிடும். குழந்தைகள் நடனமானால் அதே உயரக் குழந்தையை நிற்க வைத்துப் பாருங்கள். பெரியவர் முகத்துக்குச் சரியான விளக்கு குழந்தையின் தலைக்கு மேலே போய்விடும்.

எண்களே மொழி

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பதிந்து வைத்துவிட்டால், போர்டில் இருப்பவருக்கு நாடகம் புரிய வேண்டிய அவசியமில்லை. எண் புரிந்தால் போதும். அவர் பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் கதைப் பிரதியோடு உட்கார வேண்டும். ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொள்வோம். பிரதியின் ஓரத்தில் இப்படி எழுதிக்கொள்ளலாம்:

சீன் 1. திரை விலகும்போது: மாலை நேரம், இடது சன்னல் பக்கம் மஞ்சள்.
சீன் 2. அம்மா குத்துவிளக்கு ஏற்றித் திரும்பியதும்: விளக்கின் பக்கம் கூடுதல்.
சீன் 3. மகன் சுவிட்சில் கை வைத்ததும்: அறை முழுதும் வெளிச்சம்.
சீன் 4. மின்வெட்டு: குத்துவிளக்குப் பக்கம் மட்டும்.
சீன் 5. அப்பா கடிதத்தை மடித்துப் பையில் வைத்ததும்: அவர் முகம் மட்டும்.
சீன் 6. இருட்டு.

பாருங்கள், இவற்றில் ஒன்றுகூட வசனத்தை நம்பியில்லை. திரும்பினார், கை வைத்தார், மடித்தார் என்று எல்லாமே கண்ணால் காணும் செயல்கள். அமெச்சூர் நடிகர்கள் வசனம் விழுங்குவது உலக வழக்கம். பதற்றத்தில் ஒருவர் இரண்டு பக்கம் தாவிவிட்டாலும், பிரதி வைத்திருப்பவர் மூன்றை விட்டு நேரே ஐந்தைக் கேட்டால் போதும், வெளிச்சமும் கூடவே தாவும். ஒலிப்பதிவோடு இணைத்து நேரக் கணக்கில் தானாக ஓடவிட்டால் இது முடியாது. நடிகருக்காக வெளிச்சம் காத்திருக்க வேண்டும், வெளிச்சத்துக்காக நடிகர் ஓடக் கூடாது.

எண்ணை எந்த மொழியில் சொல்வது என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். இந்தியில் ஏழும் அறுபதும் நம் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும், நம் நாக்கிலும் அப்படியே வரும். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அதே வம்பு. பதினைந்தை 'ஒன், ஃபைவ்' என்று பிரித்துச் சொல்வது உத்தமம். முதலில் 'ரெடி' என்று எண்ணைச் சொல்லிவிட்டு, சரியான நொடியில் 'கோ' என்ற ஒரே சொல். அந்தச் சொல்லை வேறு எதற்கும் அங்கே உச்சரிக்கக் கூடாது.

நடன நிகழ்ச்சிக்கு இன்னும் எளிது. அலாரிப்புக்கு ஒன்று, ஜதிஸ்வரத்துக்கு ஒன்று, தில்லானாவுக்கு ஒன்று என்று உருப்படிக்கு ஓரிரு சீன் போதும். அரை மணிக்கு மேல் நீளும் வர்ணத்தில் ஜதிக்கு ஒரு நிறம் மாற்றினால் பார்ப்பவர் களைத்துப் போவார்கள். ஜதிக்கு ஒன்று, சாகித்யத்துக்குச் சற்று மென்மையாக ஒன்று என்று இரண்டே சீன் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வரவழைக்கலாம்.

நேரம் ஒதுக்குங்கள்

ஆறு மணி நிகழ்ச்சிக்கு இரண்டு மணிக்கு வருபவரைப் பன்னிரண்டுக்கு வரச் சொல்லுங்கள். அரங்க வாடகை சற்றுக் கூடும்தான். விளக்கு கட்ட இரண்டு மணி நேரம், திசை திருத்த ஒரு மணி, பதிய ஒரு மணி, கடைசியில் முக்கால் மணி ஓர் ஓட்டம். இந்த ஓட்டத்தில் முழு வசனமும் வேண்டாம். ஒரு சீன் மாறும் இடத்திலிருந்து அடுத்தது மாறும் இடத்துக்குத் தாவித் தாவிப் போனால் போதும். நடிகர்களுக்கும் எங்கே நின்றால் முகத்தில் ஒளி விழும் என்பது பழகும்.

பிரதியோடு போர்டின் அருகில் உட்காரும் வேலைக்கு நம் வீட்டுப் பிள்ளைகளைப் பழக்கலாம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் சிலர், "எனக்குத் தமிழ் சரியா வராது ஆன்ட்டி, எல்லாரும் சிரிப்பாங்க" என்று மேடைக்கு வரத் தயங்குகிறார்கள். இந்த நாற்காலியில் யாரும் அவர்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். ஆனால் எந்த இடத்தில் அம்மா திரும்புவாள், எந்த இடத்தில் அப்பா கடிதத்தை மடிப்பார் என்று தெரிந்துகொள்ள நாடகம் முழுவதையும் பத்துத் தடவையாவது கேட்டாக வேண்டும். பயந்துகொண்டே கற்பதைவிட இப்படிக் கற்பது எளிது.

நிகழ்ச்சி முடிந்ததும் க்யூ எழுதிய தாளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மறுநாளே அந்த போர்டு வேறொரு வரவேற்புக்குப் போகும். நம் சீன்களின் மேல் வேறு சீன்கள் ஏறிவிடும். எந்த விளக்கு எங்கே கட்டப்பட்டது, என்ன முகவரி, எந்த சீனில் எவ்வளவு அளவு என்பதைக் குறித்துச் சங்கத்தின் கோப்பில் சேர்த்து வையுங்கள். அதே நாடகத்தை அடுத்த ஊர்ச் சங்கம் அழைத்து நடத்தச் சொன்னால், அந்தத் தாளோடு புறப்படலாம்.