ஆறு செக்கன் பாட்டுக்கு யாரிடம் கேட்பது?

சுவிஸில் வில் நகரிலிருந்து பேசுகிறேன். நான் சட்டம் படித்தவள் அல்ல. தாதியர் டிப்ளோமா முடித்து, இங்கே ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறேன், கொஞ்சம் எழுதுகிறேன். ஆனாலும் இந்தத் தலைப்பை நான் கேட்டு வாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு.

கடந்த தவக்காலத்தில் எங்கள் பிள்ளைகள் பெரிய வெள்ளி நிகழ்ச்சிக்காக ஓர் இசைத்தொகுப்புச் செய்தார்கள். பழைய சினிமாப் பாட்டு ஒன்றிலிருந்து வயலின் துண்டொன்றை வெட்டியெடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் தங்கள் குரலைச் சேர்த்தார்கள். காணொளியை இணையத்தில் ஏற்றிய அன்றே உரிமைக் கோரல் வந்து, சத்தம் நிறுத்தப்பட்டது. அதைச் செய்த பையன் முகம் வாடி என்னிடம் கேட்டான்: “ஆறு செக்கன்தானே அன்ரி எடுத்தனாங்கள்? ஏழு செக்கனுக்குள்ள எண்டால் பிரச்சினை இல்லையாமே?”

பலரும் நம்புகிற இந்த ஏழு செக்கன் விதி சுவிஸிலும் இல்லை, இந்தியாவிலும் இல்லை, இலங்கையிலும் இல்லை. எவ்வளவு நேரம் எடுத்தோம் என்பதைவிட, எதை எடுத்தோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நாம் ஒரே பாட்டு என்று சொல்வது சட்டத்தின் கண்ணில் மூன்று பொருள்கள்: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. 1964இல் வந்த ‘படகோட்டி’ படத்தின் ‘தொட்டால் பூ மலரும்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். அது 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது. ஆனால் வரிகளுக்கும் மெட்டுக்கும், படைத்தவர் இறந்த பின் 60 ஆண்டுகள். வாலி 2013இல் காலமானார். அவருடைய வரிகளுக்கு 2073 வரை காவல் உண்டு. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவரில் பிந்திப் போனவர் எம்.எஸ்.வி., 2015இல். ஆகவே மெட்டுக்கு 2075 வரை. 2004இல் ‘நியூ’ படத்துக்காக ஏ.ஆர். ரகுமான் இதே வரிகளுக்குப் புது இசை அமைத்தார். அது வரிகளை எடுத்தாள்வது. பழைய பதிவிலிருந்தே ஒரு துண்டை வெட்டி ஒட்டுவது வேறு. அதைத்தான் சாம்பிளிங் என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் செய்தது அதுதான்.

இதற்கு ஐரோப்பாவில் பேர்போன வழக்கு ஒன்று உண்டு. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1977இல் வெளியிட்ட ஒரு பாட்டிலிருந்து இரண்டு செக்கன் தாளத்தை, மோசஸ் பெல்ஹாம் என்ற தயாரிப்பாளர் 1997இல் எடுத்து ஒரு ராப் பாட்டில் சுழலவிட்டார். அந்த இரண்டு செக்கனுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடினார்கள். 2019 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது: மிகச் சிறிய துண்டானாலும் பதிவின் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும், காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றியிருந்தால் மட்டும் வேண்டியதில்லை. சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை, ஆகவே அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் இங்குள்ள சட்டமும் ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்குத் தனி உரிமை தருகிறது. வீட்டுக்குள், உறவினர், நெருங்கிய நண்பர்களுக்குள் பயன்படுத்தத் தடையில்லை. கேலிப் பாட்டுக்கும் விலக்கு உண்டு. இணையத்தில் ஏற்றுவது இந்த இரண்டிலும் சேராது.

இதையெல்லாம் விளங்கப்படுத்தியபோது பையன் இன்னொரு கேள்வி கேட்டான்: “அந்த வயலினை வாசிச்சவருக்குக் காசு போகுமோ?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாசித்தவர் பெயரைத் தேடினோம், எங்கும் கிடைக்கவில்லை. உரிமை கோரியது பதிவை வைத்திருக்கும் நிறுவனம்.

சட்டத்தின் எல்லை எனக்குத் தெரிந்தது அந்த இடத்தில்தான். இந்தியாவில் 2012இல் செய்த திருத்தத்தால் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத உரிமைத்தொகைப் பங்கு கிடைத்தது. அது நல்லதுதான். ஆனாலும் பிணக்கு ஓயவில்லை. 2017இல் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பிலிருந்து அறிவித்தல் போனது நினைவிருக்கும். இளையராஜாவின் பாடல்கள் பற்றிய வழக்கில் 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு கேள்வி எழுப்பியது: பாடலாசிரியரும் வந்து உரிமை கேட்டால் என்ன ஆகும்? வயலின்காரரும் வந்து கேட்டால் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று சொல்லி முடிக்கிறேன். காணொளியை எடுத்துவிட்டார்கள். எங்களோடு மன்னாரைச் சேர்ந்த ஒரு அம்மம்மா இருக்கிறார். வியாகுலப் பிரசங்கத்தை இன்றும் பழைய ராகத்தில் இழுத்துப் படிப்பார். அதை எழுதியவராகச் சொல்லப்படும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1742இல் இறந்தவர். அந்த எழுத்து இன்று எல்லோருக்கும் பொது. ஆனால் அதை யாரோ பதிவுசெய்து விற்ற குறுந்தட்டு பொது அல்ல. ஆகவே பிள்ளைகள் குறுந்தட்டைத் தொடாமல், அம்மம்மாவின் குரலையே கைப்பேசியில் பதிந்தார்கள்.

பாடுகிறவருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு என்பதால், முதலில் அவரிடம் கேட்கச் சொன்னேன். அம்மம்மா சொன்னார்: “எடுங்கோ பிள்ளையள். ஆனால் ஆண்டவற்ர பாட்டு, ஆடுறதுக்குப் போடாதேங்கோ.” படைப்பைச் சிதைக்காதே, படைத்தவர் பெயரை மறைக்காதே என்று சட்டம் பல பிரிவுகளில் சொல்வதில் பாதியை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மற்றப் பாதியைப் பிள்ளைகள் செய்தார்கள்: காணொளியின் தொடக்கத்திலேயே அவர் பெயரைப் போட்டார்கள்.

அந்தக் காணொளி இப்போதும் இணையத்தில் இருக்கிறது, சத்தத்தோடு. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி ஏதாவது வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். திட்டாதீர்கள். வரி யாருடையது, மெட்டு யாருடையது, பதிவு யாருடையது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.