'புள்ள நல்லாத்தானே விளையாடுது!' - மருந்து அதிகமாகிவிட்டால் ஏமாற்றும் முதல் 24 மணி நேரம்

குழந்தைக்குக் காய்ச்சல். சாயங்காலம் 6 மணிக்கு அம்மா மருந்து கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போகிறார். 8 மணிக்கு வேலை முடிந்து வரும் அப்பா, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அலமாரியில் இருக்கும் இன்னொரு பாட்டிலிலிருந்து 5 மி.லி. ஊற்றுகிறார். 'இன்னும் சூடு குறையலையே' என்று 9 மணிக்குப் பாட்டி ஒரு ஸ்பூன். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. விஷயம் தெரியவரும்போது வீட்டில் முதலில் எழும் குரல் இதுதான்... 'புள்ள நல்லாத்தானே விளையாடுது, காலைல பார்த்துக்கலாம்.'

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி. ஆனால், எல்லோர் வீட்டு மருந்து டப்பாவிலும் இருக்கும் பாராசிட்டமால் விஷயத்தில் இந்த 'காலைல பார்த்துக்கலாம்'தான் ஆபத்து.

அளவுக்கு மீறிய பாராசிட்டமால் உள்ளே போனால், முதல் 24 மணி நேரத்தில் பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம். சிலருக்கு லேசான குமட்டல், வாந்தி, வியர்வை. சிலருக்கு அதுவும் இருக்காது. இந்த நேரத்தில் கல்லீரல் ஒரு நச்சுப்பொருளோடு போராடிக்கொண்டிருக்கும். பாராசிட்டமாலைச் சிதைக்கும்போது உருவாகும் அந்த நச்சை, குளுட்டாதையோன் என்ற பொருளைக் கொண்டு கல்லீரலே முடக்கிவிடும். மருந்து அதிகமானால் குளுட்டாதையோன் தீர்ந்துபோகும். பிறகு நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் வலது விலாவுக்குக் கீழே வலி வரும். அதற்குப் பிறகு மஞ்சள் காமாலை, ரத்தக்கசிவு, மனக்குழப்பம். அந்தக் கட்டத்தில் சிகிச்சை மிகவும் கடினம்.

இதற்கு நல்ல விஷமுறிவு மருந்து இருக்கிறது. பெயர், அசிட்டைல்சிஸ்டீன். தீர்ந்துபோன குளுட்டாதையோனை உடல் மறுபடி உருவாக்கிக்கொள்ள உதவுவது இதுதான். மருந்து சாப்பிட்ட 8 மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிட்டால், கல்லீரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தாமதமாகப் போனாலும் கொடுப்பார்கள். ஆனால், பலன் குறைந்துகொண்டே வரும். ராத்திரி 10 மணிக்குத் தெரிந்த விஷயத்தைக் காலை 10 மணிக்கு எடுத்துப்போனால், அந்த 8 மணி நேரம் தூக்கத்திலேயே கழிந்திருக்கும்.

அந்த 'இன்னொரு பாட்டில்' விஷயத்துக்கு வருவோம். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தாகவும் கிடைக்கிறது, சிரப்பாகவும் கிடைக்கிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்துதானே, வீரியம் குறைவாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேரெதிர். வழக்கமான சொட்டு மருந்தில் 1 மி.லி-க்கே 100 மி.கி. இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மி.லி-க்குத்தான் 120 அல்லது 125 மி.கி. சிரப் என்று நினைத்து 5 மி.லி. சொட்டு மருந்தை ஊற்றினால், உள்ளே போவது 500 மி.கி. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கான அளவே 100 முதல் 150 மி.கி-தான்.

பெரியவர்கள் இதில் மாட்டுவது வேறு விதம். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு ஒன்று, மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒன்று. மூன்றிலுமே பாராசிட்டமால் கலந்திருக்கலாம். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. மது அருந்துபவர்கள், கல்லீரல் பிரச்னை உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டும் என்பது நியாயமான புகார்தான், இருந்தாலும் தேடிவிடுங்கள்.

பாராசிட்டமால் மட்டுமல்ல. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை, சர்க்கரைப் பூச்சோடு சிவப்பாக, மிட்டாய் போலவே இருக்கும். குழந்தை அதை நிறைய விழுங்கிவிட்டால் முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பிறகு சில மணி நேரம் தேறிவிட்டதுபோலத் தோன்றி, அதன்பின் திடீரென நிலைமை மோசமாகலாம். தாத்தாவின் சர்க்கரை மாத்திரைகளில் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை இன்னும் மோசம். ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் குழந்தையின் ரத்த சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்; அதுவும் பல மணி நேரம் கழித்து. வியர்த்துக்கொட்டுவது, தூங்கி வழிவது, வலிப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். 'அசதியில தூங்குது' என்று விட்டுவிடக் கூடாது.

உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது இரண்டுமே வேண்டாம். உப்பு அதிகமானால் அதுவே விஷம். மயக்கத்தில் இருப்பவர் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். நினைவில்லாமல் இருந்தாலோ, மூச்சு திணறினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108-ஐ அழைத்துவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மற்றபடி, மாத்திரை அட்டை, பாட்டில் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு... டாக்டர் கேட்கப்போவது இதைத்தான். நேரம் முக்கியம். பாராசிட்டமால் ஒரே தடவையில் உள்ளே போயிருந்தால், சாப்பிட்டு 4 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையை வைத்துத்தான் விஷமுறிவு தேவையா என்று முடிவு செய்வார்கள். அந்த 4 மணி நேரத்தை வீட்டில் கழிக்காதீர்கள்.

கோபத்திலோ, பரீட்சை பயத்திலோ பிள்ளைகள் மாத்திரைகளை விழுங்கிவிட்ட வீடுகளில், போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று மறைப்பவர்கள் உண்டு. சட்ட நடைமுறைக்காகக் காத்திருக்காமல் அவசர சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். டாக்டரிடம் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். மனம் விட்டுப் பேச 104, 14416 ஆகிய எண்களை அழைக்கலாம்.

விழுங்கியது ஆபத்தானதா, இல்லையா என்று குழப்பமா? டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபடியே, ஆட்டோவில் உட்கார்ந்தும் பேசலாம்.