உத்தியோகம் தேடித்தரும் வலைப்பின்னல்

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பட்டம் பெற்று வெளிவரும் மாணவர் ஒருவருக்குச் சிநேகிதர்கள் இல்லையென்று எவரும் சொல்லத் துணியார். ஒரே விடுதியில் வசித்து, ஒரே விரிவுரையைக் கேட்டு, ஒரே திருவிழாவுக்குச் சென்றுவந்த தோழர்கள் அவருக்கு ஏராளம். எனினும் உத்தியோகம் தேடும் காலத்தில் அத்தோழமையின் பிரயோஜனம் சொற்பமாகவே இருக்கக் காண்கிறோம். ஏனெனில், கொழும்பிலோ கனடாவிலோ உள்ள ஒரு வெற்றிடத்தைப் பற்றி அவர் கேள்விப்படாத செய்தியை, அவரோடு அல்லும் பகலும் இருப்பவர்களும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

இந்த விசித்திரத்தை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தவர் மார்க் கிரனோவெட்டர் என்னும் அமெரிக்க சமூகவியலாளர். பாஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள நியூட்டன் என்ற ஊரில், பிறர் மூலம் செய்தி அறிந்து புதிய வேலையில் அமர்ந்தவர்களை அவர் விசாரித்தபோது, அடிக்கடி சந்திக்கும் நெருங்கியவர் வாயிலாக வேலை பெற்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேரே. எப்போதாவது சந்திப்பவர் வாயிலாகப் பெற்றவர்கள் 56 பேர். மிக அரிதாகவே சந்திப்பவர் வாயிலாகப் பெற்றவர்கள் 28 பேர். 1973இல் வெளியான அவருடைய கட்டுரை, மெல்லிய அறிமுகமே தொலைதூரச் செய்தியைக் கொண்டுவருகிறது என்று ஸ்தாபித்தது.

மனிதரைப் புள்ளிகளாகவும் அறிமுகங்களைக் கோடுகளாகவும் வரைந்துகொண்டால், இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஓடும் ஒரேயொரு கோட்டைப் பாலம் என்கிறார்கள். அதன் மகிமையை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. 56 கிலோமீற்றர் நீண்ட மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வாழும் படுவான்கரை மக்கள் மண்முனைத்துறையில் பாதைப் படகுக்காகக் காத்துநின்ற காலம், ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட பாலம் 2014இல் திறக்கப்பட்டதும் முடிவுற்றது. ஊருக்குள் நூறு ஒழுங்கைகளைச் செப்பனிட்டிருந்தாலும் அந்தப் பலன் கிட்டியிராது.

ஆயினும் சமூக வலைத்தளங்களை அமைப்பவர்கள் பெரும்பாலும் ஒழுங்கைகளையே செப்பனிடுகிறார்கள். 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் முதலிய தளங்கள், “இவரை நீங்கள் அறிந்திருக்கலாம்” என்று ஒருவரைக் காட்டும்போது, இருவருக்கும் பொதுவான நண்பர் எத்தனை பேர் என்பதையே முக்கியமான தடயமாகக் கொள்கின்றன. விளைவு, ஏற்கெனவே நெருங்கியிருக்கும் கூட்டம் மேலும் நெருங்குகிறது. இவ்விஷயத்தில் நம் முன்னோர் கூடுதல் விவேகிகள் என்பது என் அபிப்பிராயம்: தாய்வழியாக வரும் மட்டக்களப்புக் குடிமுறையிலே ஒரே குடிக்குள் விவாகம் கூடாதென்று விதித்ததனால், ஒவ்வொரு கல்யாணமும் இரு குடிகளுக்கு இடையே தொடர்பொன்றைக் கட்டாயமாக உண்டாக்கிற்று.

2022இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளிவந்த பரிசோதனையொன்று கிரனோவெட்டரின் கொள்கையைச் சற்றே திருத்தியது. லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேருக்குக் காட்டப்பட்ட சிபாரிசுகளை ஐந்தாண்டுகளில் வெவ்வேறு விதமாக மாற்றிப் பார்த்தபோது, பொதுவான நண்பரே இல்லாத அறிமுகமும் அவ்வளவாக உதவவில்லை, உற்ற தோழரும் அவ்வளவாக உதவவில்லை. பொதுவான நண்பர் சிலரைக் கொண்ட இடைத்தர அறிமுகமே வேலைமாற்றத்துக்கு மிகவும் துணைசெய்தது.

மாணவருக்கென்றே அமைந்த சாதனங்களில் பிரசித்தமானது ‘ஹான்ட்ஷேக்’. 2014இல் இதைத் தோற்றுவித்தவர்கள், மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், பெரிய நிறுவனங்கள் எளிதில் எட்டிப்பாராத ஹோட்டன் என்னும் சிற்றூரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர். ஒரு மூலையில் படித்தவர்களே மூலையின் கஷ்டத்துக்கு மருந்து தேடியது இயல்புதானே! தொழில்வழங்குநரைப் பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டல் அலுவலகம் பரிசீலித்து அங்கீகரிக்கும் ஏற்பாடு, அதன் தலைசிறந்த அம்சம்.

நமது பிரதேசத்துக்கு அத்தகைய ஒன்றைச் சமைப்பதாயின், அதன் மையத்தில் வைக்கத்தக்கவர்கள் பழைய மாணவர்களே. கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்த நாள் தொட்டு அங்கே பயின்று பல திக்குகளிலும் பரந்திருப்பவர்களுக்கும் இன்றைய மாணவருக்கும் பொதுவான ஆசிரியர்கள் இருப்பார்கள், ஆனால் பொதுவான அன்றாட வட்டம் இராது. முன்சொன்ன இடைத்தர அறிமுகம் என்பது இதுவே. சில்லறைக் காரியங்களும் உண்டு: தகப்பன் பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் நம்மவரிடம் குடும்பப் பெயரைக் கேட்டு வற்புறுத்தாதிருத்தல், ஒரே ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்பட்டாலும் தேடலில் அகப்படச் செய்தல், மாணவிகளின் கைத்தொலைபேசி இலக்கத்தை அவர்கள் சம்மதமின்றி எவருக்கும் காட்டாதிருத்தல். வெளிநாட்டு வேலை என்று முன்பணம் கேட்பவரை, 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தோடு ஒப்பிடாமல் உள்ளே விடுவது பெருங்குற்றம்.

சாதனம் எவ்வளவு சாதுரியமாக அமைந்தாலும், மறுமுனையில் இருப்பவர் பதில் எழுதாவிட்டால் கோடு வெறும் கோடாகவே நின்றுவிடும். ஆகையால், இதைப் படிக்கும் பழைய மாணவர்கள், முகமறியாத இளையவர் ஒருவர் தமது சுயவிபரக் கோவையை அனுப்பி ஆலோசனை கேட்பாராயின், அதே வாரத்தில் நான்கு வரியேனும் பதில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.