பழைய மனையைப் புதுக்குதல்



யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே இன்றும் சில நாற்சார் வீடுகள் எஞ்சி நிற்கின்றன. நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழ விறாந்தை. விறாந்தையை அடுத்து அறைகள். ஒன்றரை அடி தடித்த சுண்ணாம்புச் சுவர்கள். பனைமரத்து வளைகளும் சிலாகைகளும் தாங்கும் ஓட்டுக் கூரை. இத்தகைய வீடொன்றை முதுசொமாகப் பெற்றவர் முன் இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. மற்றது, சீமெந்தினாற் பூசிப் புதியதுபோலக் காட்டுவது. மூன்றாவது வழியொன்றும் உண்டு.

இரண்டாவது வழியிலே சென்று இடர்ப்பட்டவன் நான். என் பாட்டனார் கட்டிய வீடு போர்க்காலத்திலே பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தது. 2010ஆம் ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது மேற்குச் சார் இடிந்து வீழ்ந்திருந்தது. ஏனைய சுவர்களிலே காரை உதிர்ந்திருந்தது. தம் இறுதிக் காலத்தை அவ்வீட்டிலேயே கழிக்க வேண்டும் என்றார் அன்னையார். அவசரத்திலே அவருடைய அறைச் சுவர்களுக்குச் சீமெந்துப் பூச்சு இடுவித்தேன். கண்ணுக்கு அழகாகவே இருந்தது. இரண்டு மாரி கழியுமுன் சுவரிலே உவர் பூத்தது. பூச்சுப் பொருக்குப் பொருக்காக எழுந்தது. ஈரவாடை அறையை விட்டு நீங்கவில்லை. அன்னையாரின் இருமலும் நீங்கவில்லை.

காரணம் யாது? அக்காலத்துச் சுவர்களுக்கு அடியிலே ஈரந்தடுக்கும் படை இல்லை. நிலத்தின் ஈரம் சுவரிலே மெல்ல மேலேறும். சுண்ணாம்புக் காரை நுண்டுளைகள் நிறைந்தது. ஏறிய ஈரம் அவற்றின் வழியே வெளியேறிக் காற்றிலே கலந்துவிடும். சீமெந்துப் பூச்சோ அவ்வழியைப் பெரிதும் அடைத்துவிடுகின்றது. ஈரம் உள்ளே தங்குகின்றது. அதிலே கரைந்துவந்த உப்புகள் பூச்சின் பின்னே படிகமாகி, அதனை வெளியே தள்ளுகின்றன. "வேர்க்கிற உடம்புக்கு மெழுகுசீலையிலே சட்டை தைத்தால் இப்படித்தான், மாஸ்டர்" என்றார் எங்களூர் முதிய மேசனார் ஒருவர்.

அவர் சொற்படி சீமெந்தைக் கொத்தி அகற்றி, ஒரு கோடை முழுதும் சுவரை உலரவிட்டோம். பின்பு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கும் அரித்த மணல் மூன்று பங்கும் குழைத்து, மெல்லிய படைகளாகப் பூசினோம். சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலே சுடும்போது காபனீரொட்சைட்டு வாயு பிரிந்து செல்கின்றது. நீற்றிய சுண்ணாம்பு சுவரிலே ஏறியபின், அவ்வாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாகப் பெற்று மீண்டும் கல்லாகின்றது. ஆதலின் அதற்குப் பொறுமை வேண்டும். வெயிலிலே சடுதியாக உலர்ந்துவிடாதபடி ஈரச் சாக்கினால் மறைத்தல் வேண்டும். நீற்றும்போது அது கொதித்தெழும், சிறுவரை அண்டவிடலாகாது.

அடுத்து, வீழ்ந்த மேற்குச் சார் இருந்த இடத்திலே ஓர் அறையும் குளியலறையும் சேர்க்க விரும்பினோம். கல்லும் மரமும் எங்கே பெறுவது? இயற்கைப் பொருள் என்பதனால் மட்டும் ஒன்று குற்றமற்றதாகிவிடாது. குடாநாட்டின் சுண்ணாம்புக் கற்பாறையே எங்கள் கிணற்று நீரைத் தாங்கி நிற்பது. 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகக் கல்லகழ்ந்த பெருங்குழிகள் இன்றும் அப்பகுதியிலே உள்ளன. கடலின் முருகைக்கல்லை அகழ்வதைச் சட்டம் தடுக்கின்றது. பனைகளோ போர்க்காலத்திலே பதுங்குகுழிகளுக்காகப் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. ஒரு வடலி வைரமேறிய மரமாவதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும்.

ஆகவே பழைய வீட்டைத் திருத்துவோர் முதலில் நாடவேண்டிய களஞ்சியம் அவ்வீடே. சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. கல்லைச் சிதைக்காமற் பிரித்தெடுக்கலாம். சீமெந்தினாற் கட்டிய கல்லை அவ்வாறு எளிதிற் பிரிக்க இயலாது. வீழ்ந்த சாரின் கற்களைத் துப்புரவாக்கி மீண்டும் அடுக்கினோம். பனை வளைகளைத் தட்டிப் பார்த்து, உக்கிய நுனிகளை அரிந்து நீக்கி, எஞ்சியவற்றைச் சிறிய கூரைக்கு ஏற்றவாறு பயன்படுத்தினோம். புதுச் சுவரைப் பழைய சுவரோடு இறுகப் பிணைக்கவில்லை. புதிய அத்திவாரம் சிறிது தாழும்போது வெடிப்பு விழாதிருத்தற்காக இடையிலே ஒரு பிரிவு விட்டோம். சோழகக் காற்று நுழையும் பக்கம் யன்னல் வைத்தோம். மாரிச் சாரல் சுவரிலே படாதபடி தாழ்வாரத்தை நீட்டினோம். நீர் புழங்கும் குளியலறைத் தளத்துக்கு மட்டும் சீமெந்தையே இட்டோம். அது சீமெந்துக்கு உரிய இடம்.

செலவு குறைந்தது என்று கூறமாட்டேன். காலமும் கூலியும் கூடின. சுண்ணாம்பிலே கைதேர்ந்த மேசன்மார் அருகிவிட்டனர். ஆயினும் அம்முதியவரோடு நின்று வேலைசெய்த இரண்டு இளைஞர் அத்தொழிலைக் கற்றுக்கொண்டனர். அறையிலே ஈரவாடை அகன்றது. அன்னையார் அங்கே ஐந்து மாரிகளைக் கண்டபின்பே கண்மூடினார்.

நேயர்களே, உங்கள் பழைய மனையிலே கைவைக்குமுன், சுண்ணாம்பு அறிந்த முதியவர் ஒருவரை அழைத்து அச்சுவரைக் காட்டுங்கள். சுவர் இன்னும் சில காலம் காத்திருக்கும். அறிந்தவர்கள் அவ்வளவு காலம் இருக்கமாட்டார்கள்.