பாடைக்குப் பூமாலை, பிள்ளைக்குப் புரோநோட்டு!

பெயர் சூட்ட நாள் குறிக்கிறோம். காது குத்த நாள் குறிக்கிறோம். கடை திறக்க, கிணறு வெட்ட, கல்யாணம் முடிக்க, எல்லாவற்றுக்கும் நாள் உண்டு, கணக்கு உண்டு, சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமும் உண்டு. வந்தே தீரும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் கணக்கு இல்லை, காசு இல்லை, பேச்சுக்கூட இல்லை! வீட்டுப் பெரியவர் வாயெடுத்தால், "நல்ல வார்த்தையே வராதா?" என்று அடக்கி விடுகிறார்கள். அடக்கப்பட்ட அந்த வாய் ஒருநாள் அடியோடு அடங்கி விடுகிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் ஆரம்பமாகிறது செலவு!

என்ன செலவு? எண்ணிப் பாருங்கள், தோழர்களே! குளிர்பெட்டிக்கு வாடகை. பந்தல், நாற்காலி. வந்தவர்க்குத் தேநீர். பறை மேளம், வாணவெடி, பூந்தேர். வழி நெடுகத் தூவிட மலர். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை. அப்புறம் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதி, ஊருக்கே சாப்பாடு. இத்தனையும் யார் கேட்டது? போனவரா? அவர் உயிரோடு இருந்தபோது கேட்டது ஒரு மூக்குக் கண்ணாடி! "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைத்தது. இன்று அந்த மூடிய கண்கள்மீது கொட்டப்படுகிறது கூடை கூடையாய் ரோஜா!

பிள்ளைகளைக் குறை கூறுவது எளிது, நான் கூறமாட்டேன். இழவு வீட்டு வாசலிலே நின்று பேரம் பேச எந்த மகனுக்கு நா எழும்? "பெற்றவனுக்குச் செய்வதற்குக் கணக்குப் பார்க்கிறான் பார்!" என்று பங்காளி ஒருவர் முணுமுணுத்தால் போதும், தங்கையின் கல்லூரிக் கட்டணம் பூந்தேரில் ஏறிப் போய்விடும். ஐம்பதாயிரம் ரூபாயை ஐந்து வட்டிக்கு வாங்கினான் என்று வைத்துக் கொள்வோம். மாதம் 2,500 ரூபாய் வட்டி. இருபதே மாதத்தில் கட்டிய வட்டி மட்டும் 50,000; அசல் அப்படியே நிற்கிறது! அப்பனின் சாம்பல் ஆற்றிலே கரைந்துவிட்டது. அப்பனுக்காக வாங்கிய கடன் வீட்டிலே கரையவில்லை!

கீழக்கரைச் சீதக்காதி வள்ளல் 'செத்தும் கொடுத்தான்' என்று பேரெடுத்தார். 'கொடுத்தான்' என்ற சொல்லிலே ஒரு துணைக்கால் விழுந்தால் 'கெடுத்தான்' ஆகிவிடும். அந்தக் கால் விழாமல் பார்த்துக் கொள்ளும் பொறுப்பு யாருடையது? மகனுடையது அன்று, மனைவியுடையது அன்று. சாகப் போகிறவருடையது! அதாவது, உங்களுடையது, என்னுடையது!

முதல் வேலை, முடிவெடுப்பது. எரிப்பதா, புதைப்பதா? சடங்கு வேண்டுமா, வேண்டாமா? நம்பிக்கை உள்ளவர் 'வேண்டும்' என்று எழுதட்டும். எவ்வளவுக்குள் என்பதையும் சேர்த்து எழுதட்டும். நம்பிக்கை இல்லாதவர் 'வேண்டாம்' என்று துணிந்து எழுதட்டும். கொள்ளி வைப்பது மகளா, மகனா என்பதையும் எழுதலாம். மகள் வைக்கக் கூடாது என்று தடுக்க எந்தச் சட்டமும் இல்லை!

உடலையே கொடுத்துவிடலாம் என்றாலும் வழி உண்டு. ஜோதிபாசு 2010ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தபோது அவர் உடல் கொல்கத்தா மருத்துவமனைக்குச் சென்றது. சீதாராம் யெச்சூரியின் உடல் 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் டில்லி எய்ம்சுக்குச் சென்றது. தமிழ்நாட்டிலும் மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறையிலே படிவம் வாங்கி எழுதித் தரலாம். ஆனால் எழுதிக் கொடுத்தவர் எழுந்து நடந்து போக முடியாது. ஒப்படைக்க வேண்டியவர்கள் வீட்டார்! அவர்கள் சம்மதம் இல்லையேல் படிவம் வெறும் காகிதம். பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட உடலைக் கல்லூரி ஏற்பதில்லை என்பதையும் அறிந்து, மாற்று ஏற்பாடும் எழுதி வைத்திட வேண்டும். கண்களை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். எனவே, அழுகைக்கு நடுவிலும் கண் வங்கிக்குச் சொல்லிட ஒருவர் இருந்தாக வேண்டும்.

இந்த முடிவுகளை உயிலிலே எழுதி, உயிலை அலமாரியிலே பூட்டி, சாவியை இடுப்பிலே செருகிக் கொள்வார் உண்டு. என்ன பயன்? உயிலைத் தேடுவது பெரும்பாலும் கருமாதிக்குப் பிறகு! 'என்னை எரிக்காதீர்' என்று எழுதியிருப்பதை, எரித்த பதினேழாம் நாள் படித்து என்ன செய்வது? சொத்துக்கு உயில் இருக்கட்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்தோடு. உடலுக்குத் தனித்தாள் ஒன்று வேண்டும். அதை மனைவி மக்களை உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். படி ஒன்றை, பங்காளிகளுக்குப் பதில் சொல்லும் துணிவுள்ள ஒரு நண்பரிடம் தர வேண்டும்.

இரண்டாவது, பணம். உரிமையாக வருவதை முதலில் அறிவோம். இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளி இறந்தால் தரப்படும் ஈமச் செலவுத் தொகை 2019ஆம் ஆண்டு 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களிலும் ஈமச்சடங்கு உதவி உண்டு. பதிவைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனையிலே இறந்தவரைக் கொண்டு சேர்த்திட இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. இது தெரியாமல் தனியார் வண்டிக்குத் தாலியை அடகு வைக்கலாமா?

ஆனால் உதவித் தொகைகள் இறப்புச் சான்று கேட்கும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்து, சான்று பெற்று, மனுப் போட்டு, பணம் வருவதற்குள் கருமாதி முடிந்து மாதங்கள் ஓடிவிடும். முதல்நாள் செலவுக்குக் கைப்பணம் வேண்டும். அதை உங்கள் பெயரில் மட்டும் வங்கியில் போட்டால், நீங்கள் கண்ணை மூடியதும் அதுவும் கதவை மூடிக் கொள்ளும். துணைவியையோ மகளையோ சேர்த்து, இருவரில் எவரும் எடுக்கலாம், எஞ்சியவரும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்காகப் போடுங்கள். நாளுக்குப் பத்து ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 3,650. பத்தாண்டில் வட்டி நீங்கலாகவே 36,500! ஊர் எரிமேடைக் கட்டணத்தையும் வண்டி வாடகையையும் இன்றே விசாரித்து, அந்தத் தாளிலேயே குறித்து வையுங்கள். அழுதுகொண்டிருப்பவனிடம் சொல்லும் விலை வேறு. ஆர அமரக் கேட்பவனிடம் சொல்லும் விலை வேறு!

தனியாளாய்ச் சேர்க்க முடியாதவர் என்ன செய்வது? கூடிச் சேர்க்கலாம். உரோமுக்குத் தெற்கே லனுவியம் என்ற ஊரிலே கிடைத்த, கி.பி. 136ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டைக் கேளுங்கள்! ஏழைகள் கூடி அங்கே ஓர் ஈமச் சங்கம் நடத்தினர். சேருவதற்கு 100 செஸ்டர்ஸ் நாணயமும் ஒரு சாடி நல்ல மதுவும். மாதச் சந்தா ஐந்து செப்புக் காசு. உறுப்பினர் இறந்தால் இறுதிச் சடங்குக்கு 300 செஸ்டர்ஸ். அந்தச் சங்கத்திலே அடிமைகளும் உறுப்பினர்! ஆண்டை, அடிமையின் பிணத்தைத் தர மறுத்தால்? உருவம் செய்து வைத்து அதற்குச் சடங்கு நடத்துவோம் என்று விதி எழுதினர்! உயிர் மீது உரிமையில்லாத அடிமை, தன் சாவின் மீது உரிமை தேடினான், சந்தா கட்டி! ஓட்டுரிமை உண்டு, உடைமை உண்டு, ஊர்கூடிப் பேச மேடை உண்டு நமக்கு. தெருவுக்கு ஒரு மரண நிதி நடத்த முடியாதா? இருக்கும் ஊர்களிலே வலுப்படுத்துவோம். இல்லாத ஊர்களிலே தொடங்குவோம், சாதி பாராமல், தெரு பிரிக்காமல்!

சாவைப் பேசினால் சாவு வந்துவிடாது. பேசாததால் வராமலும் இருந்துவிடாது. வரட்டும்! வரும்போது நம் வீட்டார் அழட்டும்; அது அன்பு. ஆனால், அழுதுகொண்டே கடைவாசலிலே கைநாட்டு வைக்கும் கொடுமை வேண்டாம். ஒரு தாள், ஒரு பேனா, ஒரு கூட்டுக் கணக்கு. இன்றிரவே எழுதுங்கள், தோழர்களே!