நெருப்புக்காகக் காத்திருக்கும் பூந்தோட்டம்!

பின்னால் செங்குத்தான மலை. முன்னால் கடல். நடுவே தோட்டம். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து கடலோரச் சாலையில் ஒன்றரை மணி நேரம் போனால் பெட்டிஸ் பே வரும். இங்குதான் ஹெரால்டு போர்ட்டர் தேசியத் தாவரவியல் பூங்கா இருக்கிறது.

வெளிநாட்டுச் செடிகளைக் கொண்டுவந்து நட்ட பூங்கா இல்லை இது. எல்லாம் அந்த மண்ணின் செடிகள். தென்னாப்பிரிக்காவின் தேசிய மலரான கிங் புரோட்டியா, ஊசி இலைகளோடு எரிக்கா, நாணல் போன்ற புற்கள் எனக் கலந்து கிடக்கும் இந்தப் புதர்க்காட்டுக்கு ‘ஃபைன்போஸ்’ என்று பெயர். கேப் பகுதியில் சுமார் 9,000 வகைத் தாவரங்கள் உண்டு. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை.

ஆச்சர்யம் என்னவென்றால், இந்தச் செடிகளுக்குத் தீ வேண்டும்! புரோட்டியாவில் பல வகைகள், விதைகளைக் காய்ந்த பூத்தலைக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கும். செடி எரிந்த பிறகுதான் பூட்டு திறக்கும். ‘பின்குஷன்’ செடியின் கதை இன்னும் சுவாரஸ்யம். விதையின் மேல் இருக்கும் கொழுப்புச் சதைக்காக எறும்புகள் அதைப் புற்றுக்குள் இழுத்துப்போகும். சதையைத் தின்றுவிட்டு விதையை அப்படியே விட்டுவிடும். மேலே தீ பரவினாலும் மண்ணுக்குள் விதை பத்திரம். பல செடிகளின் விதைகளுக்குப் புகையே போதும், முளைத்துவிடும். கேப்டவுனின் கிர்ஸ்டன்போஷ் பூங்காவில், விதையை ஊறவைக்கப் புகையேற்றிய காகிதமே விற்கிறார்கள்!

ஆனால், தீ அடிக்கடி வந்தால் ஆபத்து. இளம் புரோட்டியா பூத்து விதை சேர்க்கச் சில வருடங்கள் ஆகும். அதற்குள் மறுபடி எரிந்தால், அந்த இடத்தில் அந்த இனமே இல்லாமல் போய்விடும். 2019 ஜனவரியில் பெட்டிஸ் பேயில் பரவிய பெருந்தீ பல வீடுகளை எரித்தது, பூங்காவையும் விட்டுவைக்கவில்லை. புத்தாண்டுக்குக் கொளுத்திய ஒரு சமிக்ஞை வாணம்தான் காரணம் என்று செய்திகள் வந்தன. போதாக்குறைக்கு, வெளியிலிருந்து வந்த அர்ஜென்டினா எறும்புகள் வேறு. இவை சதையை மட்டும் தின்றுவிட்டு, விதையை வெளியிலேயே போட்டுவிடும்.

சிவப்பு டிஸா ஆர்க்கிட் பார்க்க வேண்டுமா? அங்கே கோடைக்காலமான டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில் போக வேண்டும். ஓடையை ஒட்டிய பாதையில் அருவி வரை நடந்தால், ஈரப் பாறைகளில் பூத்திருக்கும். பபூன் குரங்குகள் சுற்றும் ஊர் என்பதால், கையில் தின்பண்டம் வேண்டாம்.