கஞ்சாவிலிருந்து மருந்து: சட்டமன்றம் மௌனம் காக்கலாமா?

கீமோ முடிந்து மலையேறும்போது

செம்மநத்தம் போன்ற சேர்வராயன் மலைக் கிராமங்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால், பெரிய சிகிச்சைக்குச் சேலம் இறங்கியாக வேண்டும். சேலம்–ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல உடம்புக்காரருக்கே வயிற்றைப் புரட்டும் பாதை அது. கீமோ ஏற்றிக்கொண்டு திரும்புகிறவர் மடியில் பிளாஸ்டிக் பையோடுதான் பஸ்ஸில் உட்கார வேண்டியிருக்கும். வாந்திக்கு எழுதித் தரும் வழக்கமான மாத்திரைகள் பலருக்குப் போதும். அவற்றுக்கும் அடங்காத சிலருக்கு, கஞ்சாவில் உள்ள டிஎச்சி என்ற வேதிப்பொருளைச் செயற்கையாகத் தயாரித்து, அளவு குறித்த மாத்திரையாகச் சில நாடுகளில் தருகிறார்கள்.

எதற்குக் கேட்கும்?

கஞ்சா சர்வரோக நிவாரணி அல்ல. லெனாக்ஸ்-காஸ்டோ, டிராவே என்ற கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்கு, போதை தராத கஞ்சா வேதிப்பொருளான சிபிடி மருந்தை அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. அதற்கும் கல்லீரல் பரிசோதனை அவசியம். புற்றுநோய் வலிக்கோ ஆதாரம் பலவீனம்தான். அங்கே இன்றும் மார்ஃபினே கைகொடுக்கிறது. போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தம் மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கியது. போதை தரும் மருந்து என்பதற்காக அதை நோயாளிக்கு மறுக்கவில்லையே! ஒன்று மட்டும்: பொட்டலம் வாங்கிப் புகைப்பது மருத்துவம் ஆகாது. இளவயதினருக்கு அது மனநோயில் கொண்டுபோய் விடலாம்.

சட்டம் தடுக்கிறதா?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், 8ஆம் பிரிவிலேயே மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் விலக்கு தருகிறது. 10ஆம் பிரிவின்படி கஞ்சா சாகுபடியையும் தயாரிப்பையும் அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. இமாச்சலப் பிரதேச சட்டமன்றம் 2024 செப்டம்பரில், மருத்துவ, தொழில் தேவைகளுக்கான சாகுபடியைப் பரிந்துரைத்த குழு அறிக்கையை ஏற்றது. 2020இல் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

உறுப்பினர்களுக்கு

அனுமதியின்றிச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல். மலைவாழ் மக்கள் யார் பேச்சையும் நம்பி அதில் இறங்க வேண்டாம். விதி செய்ய வேண்டியது அரசு. ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. அதன் உறுப்பினரே இதைச் சட்டமன்றத்தில் எழுப்பட்டும்: கடும் நோயாளிகளுக்கு மட்டும், சிறப்பு மருத்துவர் சீட்டோடு, அரசு மருத்துவமனை வழியாக இம்மருந்துகள் கிடைக்க விதி வகுக்க வேண்டும்.